ஒற்றை நாற்றும் ஊசிக்கோரையும்: மேலூர் பக்கம் ஒரு நெல் வயலில் மூன்று போகம்

பின்னணி

மேலூர் வட்டாரத்தில், பெரியாறு பிரதானக் கால்வாயின் கடைப்பகுதியில் இருக்கும் ஒரு கண்மாய்ப் பாசன ஊரில் நடந்தது இது. பெரியாற்றுத் தண்ணீர் வைகை அணைக்கு வந்து, பேரணையில் கால்வாயாகப் பிரிகிறது. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம்தான். அணையில் இருப்பு இருந்தால் செப்டம்பர் நடுவில் திறப்பார்கள். முறை வைத்து விடுவதால் கடைமடைக்கு வந்து சேரும் நாளை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. களையைப் பற்றிப் பேசும்போது இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. நெல் வயலில் எந்தக் களை வரும் என்பதைத் தண்ணீர்தான் பாதி தீர்மானிக்கிறது.

விவசாயிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. மூன்று ஏக்கர், ஒரு கிணறு, நான்கு மாடுகள். மனைவியும் அவரும்தான் வேலை பார்ப்பவர்கள். மகன் திருப்பூரில் இருக்கிறார். நான் அந்தப் பகுதி உழவர் குழுவில் களப்பணி செய்பவன். மூன்று போகமும் அந்த வயலுக்குத் தொடர்ந்து போய் வந்தேன், குறிப்பு எடுத்தேன். ஓர் அடிக்கு ஓர் அடி கம்பிச் சட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஏக்கருக்குப் பத்து இடத்தில் களையை எண்ணினோம். கீழே வரும் எண்ணிக்கை எல்லாம் அந்த ஒரு வயலுக்கு மட்டும் உரியது.

ஏன் மாற நினைத்தார்

பத்து வருடத்துக்கு மேலாக அவர் களைக்கொல்லியை நம்பித்தான் நெல் வைத்தார். நட்ட 3 முதல் 5 நாளுக்குள் மணலில் கலந்து தூவும் மருந்து ஒன்று. அதற்கும் தப்பி முளைத்ததற்கு, இரண்டு மூன்று இலைப் பருவத்தில் பிஸ்பைரிபேக் சோடியம் தெளிப்பு. ஆரம்பத்தில் வயல் துடைத்த மாதிரி இருந்தது. கடைசி மூன்று நான்கு வருடமாக ஒரு புல் மட்டும் தப்பித்து வந்தது. மெல்லிய தண்டு, நெல்லுக்கு மேலே எட்டிப் பார்க்கும் சிவந்த கதிர். ஒரே மருந்தை வருடம் தவறாமல் அடித்தால் அந்த மருந்துக்கு அடங்காத புல்லுக்கு இடம் கிடைத்துவிடும். அதுதான் அங்கே நடந்திருந்தது.

இது ஒரு காரணம். இன்னொன்றை அவர் மனைவி சொன்னார். முன்பெல்லாம் களையெடுப்பு முடிந்ததும் இரண்டு கட்டுப் புல் மாட்டுக்கு வரும். வாய்க்கால் ஓரத்தில் ஆராக்கீரையும் கரிசலாங்கண்ணியும் பறித்துச் சமைப்பார்கள். மருந்து அடிக்க ஆரம்பித்த பிறகு வரப்பில் கை வைக்கவே பயமாக இருந்தது என்றார். நாம் களை என்று ஒதுக்குவதில் பாதி அந்த வீட்டில் தீவனமாகவும் கீரையாகவும் இருந்திருக்கிறது. இந்தக் கணக்கை எந்தப் பயிற்சியிலும் யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

சரி, ஒரு ஏக்கரில் மட்டும், இளம் நாற்றை ஒற்றையாக இடைவெளி விட்டு நடும் திருந்திய நெல் சாகுபடி முறையில், களைக்கொல்லி இல்லாமல் செய்து பார்ப்போம் என்று முடிவானது. மற்ற இரண்டு ஏக்கர் பழைய முறையிலேயே. ஒப்பிட்டுப் பார்க்க அது உதவியது.

முதல் போகம்

நடவுக்கு முன், வைகாசியில், வழக்கம்போல் எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டார்கள். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து மந்தையோடு வரும் கீதாரி ஒருவரின் ஆடுகள் அந்த ஒரு ஏக்கரில் ஐந்து இரவு தங்கின. பாலித்தீன் விரிப்பில் பாய் நாற்றங்கால் அமைத்தோம். வயல் மண்ணோடு கொட்டகைக் குப்பையைக் கலந்து பரப்பினோம். 15 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி. தண்ணீரை முதல் நாளிலிருந்தே காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டோம். மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்த பிறகுதான் அடுத்த பாய்ச்சல்.

நடவு ஆட்களுக்கு இந்த முறை புதிது. ஒரு பக்கம் கயிறு பிடித்து நட்டார்கள். குறுக்கு வரிசை நேராக வரவில்லை. வரிசைகளுக்கு நடுவே உருட்டித் தள்ளும் களைக்கருவி குழுவுக்கே ஒன்றுதான் இருந்தது. பத்தாம் நாள் ஓட்டியிருக்க வேண்டியது எங்கள் வயலுக்கு 23-ஆம் நாள்தான் வந்தது. அதற்குள் கால்வாய் முறை தள்ளிப்போய் மண் இறுகிவிட்டது. கருவி உருளவே இல்லை. அவர் தோள் வலிக்கத் தள்ளிப் பார்த்துவிட்டு வரப்பில் சாய்த்து வைத்துவிட்டார்.

20-ஆம் நாள் எண்ணியபோது, மருந்து அடித்த இரண்டு ஏக்கரில் சதுர அடிக்குச் சராசரியாக 5 களை. புது முறை ஏக்கரில் 24. எண்ணிக்கையைவிட வகை மாறியிருந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. மருந்து வயலில் அந்தச் சிவந்த கதிர்ப் புல்லும் கொஞ்சம் ஆராக்கீரையும். புது வயலில் பாதிக்கு மேல் ஊசிக்கோரையும் வட்டக்கோரையும். மூன்றில் ஒரு பங்கு காட்டுக் குதிரைவாலி. தண்ணீர் நிற்கும் சேற்றில் புல் விதைகள் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஈரமாக, காற்றுப் பட, வெயில் விழ விட்டால் எழுந்து வரும். 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒற்றை நாற்று நிற்கும்போது முதல் ஒரு மாதம் வயலில் பெரும்பகுதி வெறும் மண்தான். நெல்லுக்கு என்று ஒதுக்கிய வெளிச்சத்தைக் கோரை எடுத்துக்கொண்டது.

கடைசியில் அந்த ஏக்கருக்குக் கையால் களையெடுக்க 31 ஆள் பிடித்தது. மற்ற ஏக்கர்களுக்கு எட்டு எட்டு. அறுவடையில் 60 கிலோ மூட்டையாக 21 கண்டது. பழைய முறையில் 30. “இயற்கை விவசாயம்னா புல்லு விவசாயமாப்பா?” என்று ஊரில் கேட்டார்கள். அவருக்கு அது வலித்தது, எனக்கும்தான்.

களையெடுக்க வந்த அம்மா சொன்னது

எங்கள் கண்ணைத் திறந்தது ஒரு வார்த்தை. ஆட்களைக் கூட்டி வந்த அம்மா, முப்பது வருடமாகக் களையெடுப்பவர், வயலில் இறங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நிமிர்ந்து, “இதுல நெறையப் புல்லு நீங்களே நட்டது தம்பி” என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் வரிசையைக் காட்டினார். நெல் குத்து இருக்க வேண்டிய இடத்தில், கயிறு பிடித்த நேர்கோட்டில், காட்டுக் குதிரைவாலி தூர் கட்டி நின்றது.

இளம் பருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இலை தண்டைச் சேரும் கணுவைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். நெல்லில் அங்கே வெள்ளைச் சவ்வு நாக்குபோல் நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் ரோமம் உள்ள காது மாதிரி இரண்டு மடல் இருக்கும். காட்டுக் குதிரைவாலியில் இரண்டுமே இல்லை, மொழுமொழுவென்றிருக்கும். அந்த அம்மாவுக்குப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. அடித்தண்டின் நிறத்திலும் இலை சாய்கிற விதத்திலும் கண்டுகொள்கிறார். 200 குத்தை அவரோடு நடந்து எண்ணினேன். 31 குத்து புல். பழைய முறையில் குத்துக்கு நான்கைந்து நாற்று வைப்பதால் அதில் ஒன்று புல்லாக இருந்தாலும் நெல் நிற்கும். ஒற்றை நாற்றில் அது புல்லாகப் போனால் அந்த இடமே போச்சு.

அப்புறம் எங்கிருந்து வந்தது என்று தேடினோம். அகலமான தட்டுகளில் வெவ்வேறு எருவைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, 12 நாள் நிழலில் வைத்தோம். நாற்றங்காலுக்கு எடுத்த அரைகுறையாக மக்கிய குப்பைத் தட்டில் 40-க்கு மேல் முளைத்தது. மாட்டுக்குப் போட்ட புல்லின் விதை சாணத்தோடும் மிச்சத் தீவனத்தோடும் குப்பைக்குப் போய், அங்கிருந்து நாற்றங்காலுக்கு வந்திருக்கிறது. கிடை கிடந்த இடத்திலிருந்து அள்ளிய புழுக்கையிலும் முளைப்பு இருந்தது. அதில் சீமைக்கருவேலக் கன்று நான்கு. ஆடுகள் கண்மாய் உள்வாயிலும் அறுத்த தாளிலும் மேய்ந்துவிட்டுத்தானே வருகின்றன. கடினமான விதைகள் அவற்றின் வயிற்றைத் தாண்டியும் உயிரோடு வந்துவிடும். பக்கத்து வீட்டில் மூன்று முறை புரட்டி, உள்ளே கை வைக்க முடியாத அளவு சூடேறி மக்கிய குவியலிலிருந்து எடுத்த தட்டில் இரண்டே முளை.

வயலின் மேடு பள்ளமும் தெரியவந்தது. கோரை அடர்ந்த திட்டுகளைக் காகிதத்தில் வரைந்தால் அது அப்படியே மேட்டுத் திட்டுகளின் படம்தான்.

எடுத்த முடிவுகள், அதற்கான காரணம்

தை முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். விவசாயியின் மச்சான், பழையபடி மருந்துக்கே போய்விடலாம் என்றார். அந்த யோசனையில் நியாயம் இருந்தது. அந்த ஒரு வருடத்தில் கொட்டிய விதை மண்ணுக்குள் இருக்கிறது. காட்டுக் குதிரைவாலி ஒரு தூர் ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். நானும், அடுத்த போகம் மட்டும் நடவு முடிந்ததும் தூவும் மருந்தை ஒரு முறை போட்டு விதைச்சுமையைக் குறைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம் என்றேன். விவசாயி மறுத்தார். “ஒரு தடவ போட்டா அடுத்த தடவையும் கை அங்கதான் போகும் தம்பி. வேற வழி சொல்லுங்க” என்றார். அவருக்கும் மனைவிக்கும் உடல் இருந்தது, பொறுமையும் இருந்தது. வீட்டில் வேலைக்கு ஆள் இல்லாத ஒருவர் அந்த ஒரு முறை மருந்தைப் போட்டால் அதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் என் கருத்து அதுதான்.

முதல் முடிவு நாற்றங்காலைப் பற்றியது. விதையை உப்புக் கரைசலில் போட்டு எடுப்பது. முட்டை மிதந்து நாலணா அளவு மேலே தெரியும் வரை உப்புக் கரைத்தால், பதரும் புல் விதையும் மேலே வந்துவிடும். அள்ளி எறிந்துவிட்டு, மூழ்கிய நெல்லை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். நன்றாக மக்கிச் சலித்த எரு மட்டும். நாற்று பறிக்கும் முன்பு களையெடுக்கும் அம்மாவே நாற்றங்காலை ஒருமுறை பார்த்துத் தர வேண்டும். அதற்கு ஒரு நாள் கூலி.

இரண்டாவது, நடவுக்கு முன்பே விதைகளை ஏமாற்றி முளைக்க வைத்து அழிப்பது. ஆடிக் கடைசியில் கிணற்று நீரையும் கிடைக்கிற மழையையும் வைத்து பசுந்தாள் உரமாகும் தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைப்பது. அது அடர்ந்து நிழல் கட்டினால் கீழே புல் எழாது. பூக்கும் முன், 45 நாளில், மடக்கி உழுவது. அது மக்குவதற்கு எப்படியும் பத்து நாள் விட வேண்டும். அந்தப் பத்து நாளும் தண்ணீரைத் தேக்காமல் தொளியாக, அதாவது உழுத சேறாக, ஈரத்தில் வைத்தால் களை முளைக்கும். இரண்டாவது தொளி உழவில் அது புதைந்துபோகும். தனியாக நாள் ஒதுக்கத் தேவையில்லை. சேற்றைச் சமப்படுத்தும் பரம்படிப்பில் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட இன்னும் ஒரு நாள் கூடுதலாகச் செலவழிப்பது.

மூன்றாவது, தண்ணீர். காய்ச்சலும் பாய்ச்சலும் நல்ல முறைதான், ஆனால் நட்ட அன்றே ஆரம்பிக்க வேண்டியதில்லை என்று முடிவெடுத்தோம். நாற்று பிடித்த மூன்றாம் நாளிலிருந்து ஒரு விரல் கட்டைத் தண்ணீர் நிறுத்தி, இலை மூடி நிழல் விழும் வரை, கிட்டத்தட்ட ஒரு மாதம், அப்படியே வைத்துவிட்டுப் பிறகுதான் காயவிடுவது. இதனால் தண்ணீர் மிச்சம் குறையும். கடைமடையில் அது சின்ன விஷயம் இல்லை, கிணற்று மோட்டார் ஓட வேண்டும். இருந்தாலும் நெல்லுக்கும் களைக்கும் போட்டி கடுமையாக இருப்பது முதல் 40 நாளில்தான். அங்கே கொடுத்த தண்ணீர் வீணில்லை.

களைக்கருவியைச் சொந்தமாக, பழையதாக ஒன்று வாங்கினார். கயிறு இரண்டு பக்கமும் பிடித்துச் சதுரமாக நட வேண்டும் என்று நடவுக்கூலியைக் கொஞ்சம் கூட்டிப் பேசினார்.

கிடையை மட்டும் விட மாட்டேன் என்றுவிட்டார். அவர் அப்பா காலத்திலிருந்து வருகிற கீதாரி. நானும் வற்புறுத்தவில்லை.

இரண்டாம் போகம்

ஆவணியில் நல்ல மழை. தக்கைப்பூண்டு இடுப்பளவு வந்தது. மடக்கி உழுது பத்தாம் நாள் பார்த்தால் தொளி முழுக்கப் பச்சைப் பாய் விரித்த மாதிரி கோரை முளைத்திருந்தது. அதைப் பார்த்து அவர் பயந்தார், எனக்கு நிம்மதி. இப்போது முளைத்தது நட்ட பிறகு முளைக்காது. இரண்டாவது உழவில் அத்தனையும் சேற்றுக்குள் போனது.

கருவி 11-ஆம் நாளும் 21-ஆம் நாளும் இரண்டு திசையிலும் ஓடியது. 11-ஆம் நாளின் ஓட்டம்தான் முக்கியம். அப்போது கோரை இரண்டு இலை, வேர் ஆழம் இல்லை, சேற்றில் அமுக்கினால் செத்துப்போகும். இன்னும் பத்து நாள் கழித்தால் அமுங்கி மறுபடி நிமிர்ந்துவிடும். மூன்றாவது ஓட்டம் கார்த்திகை மழையில் தவறிப்போனது, வயலில் முழங்கால் தண்ணீர்.

20-ஆம் நாள் எண்ணிக்கை 13. குத்தில் நின்ற புல் 200-க்கு 4. களையெடுப்புக்கு 16 ஆள். 26 மூட்டை. கிடை போட்ட பகுதியில் மட்டும் களை கூடுதலாகவே இருந்தது. அதை அவரே சட்டம் வைத்து எண்ணிவிட்டு என்னிடம் சொன்னார்.

காட்டுக் குதிரைவாலி கதிர் உதிர்க்கும் முன்பே, மார்கழித் தொடக்கத்தில், கணவனும் மனைவியும் வயலைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பிடுங்கி மாட்டுக்குப் போட்டார்கள். இந்த வேலைக்கு விளைச்சலில் அந்த வருடம் எந்தப் பலனும் தெரியாது. அதனால்தான் பெரும்பாலோர் செய்வதில்லை.

மூன்றாம் போகம்

கிடையை மாசிக் கடைசிக்கு மாற்றினார். அறுவடை முடிந்த உடனே ஆடு மடக்கினால் சித்திரை மழைக்கு அந்த விதைகள் முளைத்துவிடும். ஒரு கோடை உழவில் அழித்துவிடலாம். கீதாரியும் ஒத்துக்கொண்டார். கோடை உழவை ரோட்டவேட்டரில் செய்யாமல் கொக்கிக் கலப்பையில் ஆழமாகச் செய்தார். ரோட்டவேட்டர் அருகம்புல் வேரையும் கோரைக் கிழங்கையும் துண்டு துண்டாக வெட்டி வயல் முழுக்கப் பரப்பிவிடும். கலப்பை கிளப்பிப் போட்டால் சித்திரை வெயில் காயவைத்துவிடும்.

மற்றவை எல்லாம் முந்தைய போகம் போலவே. கருவி இந்த முறை மூன்று தடவை ஓடியது. 20-ஆம் நாள் எண்ணிக்கை 6. களையெடுப்பு 9 ஆள். 31 மூட்டை. பழைய முறை ஏக்கரில் அந்த வருடமும் 30 கண்டது. இரண்டாவது ஏக்கரையும் அந்தப் போகமே மாற்றியிருந்தார்; அதில் எண்ணிக்கை 11. முதல் ஏக்கர் முதல் வருடம் பட்ட பாட்டை அது படவில்லை.

எல்லாம் குறைந்தது என்று சொல்ல முடியாது. தண்ணீர் நிற்கும் தெற்கு மூலையில் ஆராக்கீரை பரவியது. தண்ணீர் கட்டினால் கோரை அடங்கும், ஆராக்கீரைக்கோ அதுவே கொண்டாட்டம். அந்த வீட்டுக்காரம்மா பறித்து இரண்டு வீட்டுக்குக் கொடுத்தார். நெல் மூடிய பிறகு அது பெரிதாக இடைஞ்சல் செய்யவில்லை என்பதால் விட்டுவிட்டோம். அரை ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பா வைத்துப் பார்த்தோம். உயரத்தால் களையை நன்றாக அமுக்கியது, ஆனால் மார்கழிக் காற்றில் பாதி சாய்ந்தது.

திரும்பச் செய்தால்

முதல் வருடம் ஒரு ஏக்கர் என்பது அதிகம். 20 சென்டில் ஆரம்பித்திருந்தால் நாற்றங்கால் தவறு ஒன்பது மூட்டையைத் தின்றிருக்காது. அந்த இழப்பு அவருடைய வீட்டுச் செலவிலிருந்து போனது. யோசனை சொன்னது நான். களைக்கருவி கையில் இல்லாமல் இந்த முறையில் இறங்கச் சொல்லியிருக்கவே கூடாது. பயிற்சியில் கருவியைக் காட்டிவிட்டு, பத்தாம் நாள் அது யார் வீட்டில் இருக்கும் என்று கேட்காமல் விட்டது என் தவறு.

தட்டில் எருவை முளைக்க வைத்துப் பார்க்கும் வேலையை இப்போது குழுவில் எல்லோரும் ஆனி மாதமே செய்கிறார்கள். செலவு ஒன்றும் இல்லை. களையெடுக்கும் பெண்களை நடவுக்கு முன்பே கூப்பிட்டு நாற்றங்காலைக் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. முன்பு கடைசியில் கூப்பிட்டுப் பிடுங்க மட்டும் சொன்னோம்.

இன்னொரு குறை, இரண்டாம் போகத்தில் ஏழெட்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்துவிட்டோம். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துப் பார்க்க, ஒரு வரப்பளவு துண்டையாவது தக்கைப்பூண்டு இல்லாமல், இன்னொன்றைப் பழைய தண்ணீர் முறையில் விட்டிருக்க வேண்டும். வரும் போகத்தில் அதற்கு இடம் குறித்தாகிவிட்டது.

அப்புறம் வாய்க்கால். மேல்மடை வயல்களில் உதிரும் விதை தண்ணீரில் மிதந்து நம் மடைக்குள் வருகிறது. மூன்றாம் போகத்தில் மடை வாய்க்குப் பக்கத்துச் சட்டங்களில் மட்டும் எண்ணிக்கை இரு மடங்கு இருந்ததைக் கடைசியில்தான் கவனித்தோம். வரப்பையும் வாய்க்கால் கரையையும் சேர்த்துப் பிடுங்க மேல்மடைக்காரர் இருவர் சம்மதித்திருக்கிறார்கள். இந்தப் புரட்டாசியில் தண்ணீர் வந்ததும் மடை வாயில் பழைய கொசுவலையை இரண்டாக மடித்துக் கட்டி, ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் அதில் சேருவதைத் தட்டில் கொட்டி முளைக்க வைத்து எண்ணப் போகிறோம். வலையைக் களையெடுக்கும் அம்மா ஏற்கெனவே துவைத்து எடுத்து வைத்துவிட்டார்.